மரத்த காலும் எரியும் காலும்

ஜூன் 11, செவ்வாய்

காலையில் மூடாக்கு. மழை வரும் போல இருந்தது, பெரியபாளையம் தாண்டியதும் வெயில். கம்பெனி பஸ்ஸுக்கு டீசல் போட்டாயிற்று. பின் சக்கரம் இடது பக்கம் காற்று குறைவு. ஷெட்டில் மெக்கானிக் மஸ்தான் பாயிடம் சொல்ல வேண்டும்.

கால் எரிச்சல் திருவள்ளூர் போய்ச் சேருவதற்குள்ளேயே. காலி பஸ்ஸிலேயே இப்படி. ஆட்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி திரும்பும்போது கேட்கவே வேண்டாம். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்ட மாதிரி, ஆனால் உள்ளங்காலில். அதோடு ஊசி குத்தல். நடுநடுவே கட்டைவிரலிலிருந்து கணுக்கால் வரை மின்னல் மாதிரி ஒரு வெட்டு வலி. இஞ்சின் சூடு வேறு. பெடலுக்குக் கீழே கோணியை நனைத்துப் போட்டேன். புதுவாயல் வருவதற்குள் காய்ந்துவிட்டது.

ஊரில் எல்லோரும் வைத்தியர்கள். வெந்தயம். பாகற்காய். ஆவாரம்பூ. வேப்பெண்ணெய். மருதாணி என் மனைவி எஸ்தரின் யோசனை, குளிர்ச்சியாம். நேற்று அரைத்து வைத்துக் கட்டிவிட்டாள். காலையில் பாதம் இரண்டும் சிவப்பு, எரிச்சல் அப்படியே. கம்பெனி வாசலில் இறங்கும்போது ஒருத்தன், "இன்னா டிரைவரே, மறுபடியும் மாப்ள ஆவப் போறியா?" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் நீல மருந்தில் மூத்திரத்தை விட்டு, சர்க்கரைக்குக் கொதிக்க வைத்துப் பார்த்தது: ஆரஞ்சு. போன மாதம் செங்கல் நிறம். சர்க்கரை இறங்குகிறதாம். அப்படியானால் எரிச்சல் மட்டும் ஏன் ஏறுகிறது? யாரும் சொல்வதில்லை.

எஸ்தர்: "இன்னாங்க, ரசம் வைக்கிற அடுப்புலயா இத்த கொதிக்க வைப்பீங்க? குழாய எடுத்துகினு வெளிய போங்க."

ஜூன் 13, வியாழன்

வெயில். கண்ணெரிச்சல், தூக்கமில்லை. போர்வை காலில் பட்டால் முள். போர்வை இல்லாவிட்டால் கொசு. காலை மட்டும் வெளியே நீட்டி, அதன் மேல் கூடையைக் கவிழ்த்து எஸ்தர் ஒரு ஏற்பாடு செய்தாள். கோழியைக் கவிழ்க்கிற கூடை. கேலி செய்யக்கூடத் தெம்பில்லை.

திருவள்ளூர் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சத்து ஊசி இன்றோடு முடிந்தது. நரம்புக்குப் பலமாம். இடுப்புக்குக் கீழே இன்னொரு இடத்தில் வலி, அதுதான் கண்ட பலன்.

வீடு பெருக்கும்போது துடைப்பம் காலில் பட்டுவிட்டது. கத்திவிட்டேன். எஸ்தர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். சோறு ஆறிப்போயிற்று.

ஜூன் 16, ஞாயிறு

லீவு. எஸ்தர் சர்ச்சுக்குப் போகாமல் என்னோடு திருவள்ளூர் வந்தாள். டாக்டர் ரங்கநாயகியம்மா வீட்டு முன்னறைதான் ஆஸ்பத்திரி. அவர் அப்பா கோயில் கைங்கர்யக்காரர், நெற்றி நிறைய நாமத்தோடு உள்ளே போனார். எங்களைப் பார்த்து, "உக்காருங்கோ, வந்துடுவா" என்றார்.

டாக்டரம்மாவுக்கு வயது முப்பத்தைந்துக்குள். நான் கோபமாகப் பேசினால் அவரும் கோபமாகப் பேசுவார். அதனால்தான் இவரிடமே வருகிறேன்.

"சத்து ஊசியும் ஒண்ணும் கேக்கல டாக்டரம்மா. கால வெட்டிப் போட்டுடுங்க."

"வெட்டற பேச்சு வேண்டாம். பல் பிடுங்கறப்போ மரக்கறதுக்கு ஊசி போடுவா, தெரியுமா? அதே மருந்து. கணுக்கால்ல உள் பக்கமா நரம்பு போறது. அது கிட்ட போட்டுப் பார்க்கறேன். வலி குணமாகாது. கொஞ்ச நேரம் தெரியாது, அவ்வளவுதான்."

மருந்தின் பெயர் லிக்னோகெயின். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து நாடி பார்த்தார். ஊசி இறங்கியதும் குதிகால் முதல் விரல் நுனி வரை கரண்ட் அடித்தது. "அந்த இடம்தான்," என்றார். அடுத்த காலிலும் அப்படியே.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கால் வெதுவெதுப்பாகி, தடித்து, காணாமல் போயிற்று. எரிச்சல் இல்லை. குத்தல் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று இப்படி இருந்து. என்னென்று சொல்வது. எஸ்தரைப் பார்த்தேன், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போச்சா?" என்றாள். தலையாட்டினேன்.

டாக்டரம்மா சொன்னவை: மரப்பு போகும்வரை செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. வெந்நீர் கூடாது. தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வண்டி தொடக்கூடாது.

பஸ்ஸில் எஸ்தர் தோளைப் பிடித்து ஏறினேன். யாரோ ஒருத்தருடைய காலில் நிற்கிற மாதிரி. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போர்வையைக் கால் வரை இழுத்துப் போர்த்திப் படுத்தேன். வேண்டுமென்றேதான். நல்ல தூக்கம்.

விளக்கு வைக்கிற நேரம் விழிப்பு. எல்லாம் திரும்ப வந்திருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. சுவரைக் குத்தினேன். கை வலிக்கிறது இப்போது, அதுவும் சேர்த்து.

ஜூன் 18, செவ்வாய்

திருவள்ளூரில் ஆட்கள் ஏறுவதற்கு நேரம் இருந்தது. டாக்டரம்மா வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு.

வேலை நாளிலும் ஊசி போடுங்கள் என்றேன். முடியாது என்றார்.

"இருவது வருஷமா வண்டி ஓட்டறேன். கால் மரத்துப் போனாலும் பிரேக் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். உங்க காலுக்குத் தெரியாது."

"எரியிற காலோட ஓட்டினா மட்டும் பரவாயில்லையா?"

"அதுவும் பரவாயில்லைன்னு நான் சொல்லல. வேற வேலை கேளுங்கோ கம்பெனில."

வேற வேலை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். லைசென்ஸ் ஒன்றுதான் கையில் இருக்கிற தொழில். எங்கள் அப்பா ரெட்டியார் வயலில் கூலி. அந்தச் சேற்றிலிருந்து நான் ஏறி வந்தது இந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான். எழுந்து வந்துவிட்டேன். கதவை வேகமாகச் சாத்தியது அவருக்குக் கேட்டிருக்கும்.

ஞாயிறு வலியில்லாமல் இருந்து என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டுவது கட்டிலைத்தான்.

ஜூன் 23, ஞாயிறு

காற்று, புழுதி. இரண்டாவது ஊசி. டாக்டரம்மாவும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து எஸ்தரிடம் சொல்லாமல் மஸ்தான் பாய் ஷெட்டுக்குப் போனேன். கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும். டாக்டரம்மா சொல்வது தப்பு என்று நிரூபிக்க வேண்டும். பாய்க்கு விஷயத்தைச் சொன்னேன். "இன்னாத்துக்குப்பா இந்தப் பேஜாரு?" என்றார். ஆனாலும் ஏறி உட்கார்ந்தார்.

இஞ்சின் போடவில்லை. பாய் சொல்லச் சொல்ல நான் மிதிக்க வேண்டும். கிளச். பிரேக். ஆக்சிலேட்டர். பிரேக். எல்லாம் சரி. பாயைப் பார்த்துச் சிரித்தேன்.

"தேவராஜு, நீ கீய பாத்துகினு மிதிக்கிற. ரோட்டப் பாரு."

ரோட்டைப் பார்த்தேன். ஷெட்டுக்கு வெளியே ஒரு மாட்டு வண்டி, வைக்கோல் ஏற்றிக்கொண்டு. பாய் கிளச் என்றார். பிரேக் என்றார். எடு என்றார். ஆக்சிலேட்டர் என்றார். பிறகு சட்டென்று, "பிரேக்கு."

மிதித்தேன். நல்ல மிதி. கண்ணெதிரில் மாட்டு வண்டி இருந்ததால் முழு பலத்தோடு.

பாய் என் பக்கம் திரும்பினார். குனிந்து என் முழங்காலில் கையை வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். கால் ஆக்சிலேட்டரில், தரை வரைக்கும்.

மறுபடியும் என்றேன். மறுபடியும் செய்தோம். சில தடவை சரி, சில தடவை இரண்டு பெடலுக்கும் நடுவில். ஒரு தடவைகூட எனக்கே தெரியவில்லை. அதுதான் பயம். தப்பு செய்கிறபோதும் சரியாகத்தான் இருந்தது.

பாய் டீ வாங்கி வந்தார். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தோம். "யாராண்டயும் சொல்லாத பாய்," என்றேன். "நா எதுக்குச் சொல்றேன். நீ நாளைக்கு எரியிற காலோடவே வா," என்றார்.

ஜூன் 24, திங்கள்

எஸ்தர் காலையில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலது உள்ளங்காலில் குதிகாலை ஒட்டி ஒரு வெட்டுக்காயம். ரத்தம் காய்ந்து மண்ணோடு. ஷெட்டில் ஏதோ தகரம். செருப்பு எப்போது கழன்றது, எப்போது வெட்டியது, ஒன்றும் தெரியாது.

"எங்க போயிருந்தீங்க நேத்து?"

சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. வெந்நீரும் டெட்டாலும் எடுத்து வந்து கழுவினாள். கழுவும்போது எரிந்தது. எரிச்சலே நல்ல சேதியாக இருந்தது, இது என்ன பிழைப்பு.

ஜூன் 27, வியாழன்

வெட்டு ஆறவில்லை. சுற்றி வீக்கம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணினேள்?" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து பரீட்சை பண்ணியதைச் சொன்னேன். பஞ்சை வைத்துக் கட்டினார். இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாத்திரை போதாதாம். எஸ்தருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார், எலுமிச்சம்பழத்தில் குத்திப் பார்க்கச் சொல்லி. ஒரு வாரம் நடக்கக்கூடாது.

கம்பெனிக்கு லீவு சொல்லப் பாய் போனார். சூப்பர்வைசர் நாயுடு கேட்டாராம்: "ஒரு வாரமா, ஒரேடியாவா? வேற ஆளு ரெடியா கீறான், சொல்லு."

வேண்டியவை: இன்சுலின், காயத்துக்கு வெள்ளை மாத்திரை, பேண்டேஜ் துணி, டெட்டால், ஸ்பிரிட், பாகற்காய் (வேண்டாம் என்றேன், எஸ்தர் சேர்த்துவிட்டாள்).

ஜூலை 4, வியாழன்

வீட்டில். ஜன்னல் வழியே என் பஸ் போவது தெரிகிறது. புது டிரைவர் பொதட்டூர்பேட்டைக்காரனாம், சின்ன வயசு. திருப்பத்தில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டாலே பல் கூசுகிறது. கிளச் தட்டைத் தேய்த்துவிடுவான்.

வெட்டு கொஞ்சம் காய்ந்திருக்கிறது. நிறம் நன்றாக இருக்கிறது என்கிறாள் எஸ்தர். எரிச்சலுக்கு லீவு கிடையாது.

மரத்துப் போனால் ஓட்ட முடியாது. எரிந்தால் ஓட்ட முடியவில்லை. இதற்கு நடுவில் ஒரு கால் கிடைக்குமா? பாஸ்டர் ஜெபம் பண்ண வந்தார். அவரிடமே கேட்டேன். சங்கடப்பட்டு எழுந்து போய்விட்டார். எஸ்தர் என்னோடு பேசவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் காயத்தைக் காட்டப் போனோம். நன்றாக மூடி வருகிறதாம். ஊசி போடவா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "இருங்கோ," என்றார். அதே மருந்தை நரம்புக்குப் பக்கத்தில் போடாமல், குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றலாம் என்றார். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகிறவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம். இந்த ஜாதி மருந்தை முன்னெல்லாம் தீக்காயக்காரர்களுக்கும் வலிக்காக ஏற்றியதுண்டு என்று அவருடைய வாத்தியார் சொன்னாராம். சர்க்கரைக் காலுக்கு யாரும் அவர் கண்ணெதிரில் செய்ததில்லை.

"கால் மரக்காதா?"

"மரக்கக் கூடாதுங்கறதுதான் கணக்கு. நிச்சயமா சொல்ல முடியாது. அளவு தப்பினா வலிப்பு வரும், இதயத்துக்கும் ஆபத்து. அதனால இங்க பண்ண மாட்டேன். பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரில, மெஷினை வெச்சுப் பாத்துண்டேதான். என்னோட படிச்சவர் ஒருத்தர் அங்க இருக்கார். யோசிச்சுச் சொல்லுங்கோ."

எஸ்தர் வழியெல்லாம், "வேணாங்க. நெஞ்சுக்கு இன்னா ஆவுமோ," என்றாள். பெரியபாளையம் தாண்டியதும், "ஒங்களுக்கு எப்டித் தோணுதோ," என்றாள்.

போகிறேன் என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். லீவை நீட்டப் பாய் மறுபடியும் கம்பெனிக்குப் போனார்.

ஜூலை 14, ஞாயிறு

ஆஸ்பத்திரி. வெள்ளி அன்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

மார்பில் ரப்பர் கிண்ணம் ஒட்டி மெஷினில் மாட்டினார்கள். கையில் ஊசி, மேலே பாட்டில். டாக்டரம்மாவின் சிநேகிதர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். என்ன தோன்றினாலும் சொல்ல வேண்டும் என்றார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வாயில் இரும்பு ருசி. உதடு தடித்தது. காதுக்குள் தந்திக் கம்பம் மாதிரி ஒரு ரீங்காரம். சொட்டைக் குறைத்தார். நாக்கு குழறியது. "குடிச்சவன் மாரி கீது சார்," என்றேன். அவர் சிரித்தார், ஆனால் கண் மெஷினை விட்டு வரவில்லை.

கால் எரிச்சல் நிற்கவில்லை. தள்ளிப் போயிற்று. பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ குறைத்துக்கொண்டே போகிற மாதிரி. ஒரு கட்டத்தில் கேட்கவில்லை.

அவர் குண்டூசியை எடுத்து உள்ளங்காலில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்.

"கட்டை விரல்." "நடுவுல." "குதி." ஒன்றிரண்டு தெரியவில்லை. அது முன்பே தெரியாத இடம்தான். மற்றதெல்லாம் தெரிந்தது. தெரிந்தது, ஆனால் எரியவில்லை.

எழுந்து நின்றேன். தரை சில்லென்று இருந்தது. தரை சில்லென்று இருக்கும் என்பதே மறந்திருந்தது. எஸ்தர் வராந்தாவில் நின்றாள், அவளைக் கூப்பிட்டு, "தர சில்லுனு கீது," என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்று வரை அப்படியே. நாளை காலை வீட்டுக்கு.

ஜூலை 18, வியாழன்

நல்ல காற்று. வேலைக்குப் போனேன். அதற்கு முன்னால் ஷெட்டில் பாயை ஏற்றிக்கொண்டு பழைய பரீட்சை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பாய் விதவிதமாக மாற்றிச் சொன்னார், ஏமாற்றப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. "போ நைனா, போய் வண்டிய எடு," என்றார்.

கிளச் தேய்ந்துதான் இருக்கிறது. சொன்னேனே.

ஆட்கள் ஏறும்போது ஒவ்வொருத்தராக விசாரித்தார்கள். புதுசு ரொம்பத் தூக்கிப் போட்டானாம். உள்ளுக்குள் ஒரு திருப்தி, மறைப்பானேன். போர்வை போர்த்தித் தூக்கம். கூடை கோழிக்கே போயிற்று.

ஜூலை 23, செவ்வாய்

இடது சுண்டுவிரலில் ஒரு குத்தல். கொசுவாக இருக்கும்.

ஜூலை 24, புதன்

கொசு இல்லை.

ஜூலை 27, சனி

முழுசாகத் திரும்பிவிட்டது. இரண்டு வாரம், அவ்வளவுதான் கொடுத்து வைத்தது. ஒன்றும் தெரியாமலே இருந்திருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காது.

இன்று வண்டியில் ஆட்கள் நிறைய. புதுவாயல் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வலது காலில் பழைய வெட்டு வலி. கண் இருட்டியது. ஓரம் கட்டினேன். இறங்கி வயல் வாய்க்காலில் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்துவிட்டேன். பஸ் நிறைய ஜனம் ஜன்னலில்.

"ஷிப்டு போயிடும் டிரைவரே." "அரை நாள் கட் பண்ணிடுவானுங்க." ஒருத்தன் மட்டும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான், மருதாணிக்குச் சிரித்தவன். "மெதுவா வாண்ணே," என்றான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கம்பெனி வாசலில் நாயுடு, கையில் கடிகாரத்தோடு. யாரால் லேட் என்றார். என்னால் என்றேன். காலைப் பற்றியும் சொன்னேன், முழுக்க. மரத்துப் போகிற ஊசி, பட்டண ஆஸ்பத்திரி, எல்லாம். மறைத்து வைத்து ஒருநாள் நாற்பது பேரோடு வாய்க்காலில் இறங்குவதற்கு இது மேல்.

நாயுடு மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். "இன்னாய்யா இப்டி வந்து சொல்றியே. நா இன்னா பண்றது?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்னொரு தடவை மருந்து ஏற்றக் கேட்டு டாக்டரம்மா பட்டண ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, பதில் வரவில்லை என்று அவரே ரயிலேறிப் போய்விட்டு வந்திருக்கிறார். வார்டுக்குப் புதுப் பெரிய டாக்டர். அந்த மருந்து இதயக்காரர்களுக்கு, கால் எரிகிறதென்று வருகிறவனுக்கெல்லாம் மெஷின் கட்டிலை விட முடியாது என்றாராம். இவர் விடாமல் நின்று சண்டை போட்டு ஒரே ஒரு தடவைக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறார். சொல்லும்போது அவர் குரலே கரகரத்துப் போயிருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

மழை, கடைசியில். மருந்து சனிக்கிழமை ஏற்றினார்கள். அதே இரும்பு ருசி, அதே ரீங்காரம். இந்த முறை ரேடியோ நிற்கவில்லை. சத்தம் பாதி குறைந்ததோடு சரி. சொட்டைக் கூட்டச் சொன்னேன். சிநேகிதர் மெஷினைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றார்.

இன்று திருவள்ளூர் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பாதிதான் போச்சு.

"பாதிய வெச்சுகினு நான் இன்னா டாக்டரம்மா பண்றது?"

மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தார், மூடினார், வைத்தார். "எனக்குத் தெரியல தேவராஜ். உங்களுக்கு வர கோபம்தான் எனக்கும் வரது. இத விட நல்லதா ஒண்ணு இப்போ யார் கிட்டயும் இல்ல."

இத்தனை மாதத்தில் ஒருத்தர் என்னிடம் தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

நாயுடு ஆள் அனுப்பியிருந்தார். காலை ஷிப்டு மட்டும் எனக்கு, வெயிலும் இஞ்சினும் சூடேறும் முன்னால். மற்றது பொதட்டூர்பேட்டைக்காரனுக்கு. காலில் வெட்டு வலி வருகிற அன்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவன் ஓட்டுவான். சம்பளமும் பாதி. சரி என்று சொல்ல மனசு வரவில்லை. சரி என்று சொல்லி அனுப்பினேன்.

நாளைக்கே முதல் டிரிப். அந்தப் பையனை ஷெட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கிளச்சை எப்படி விடுவது என்று யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.